நாற்காலி நாற்காலிதான்

ரேடியோவில் கணவன் பொய் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நோரீனின் இரண்டு கைகளும் வேறொருவர் வாய்க்குள் இருந்தன. பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. அன்றைக்கு மல்லாந்து கிடந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கீழ்க்கடைவாய்ப் பல்லில் பாறை மாதிரி காரை படிந்திருந்தது. அவள் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கையில் மூலையிலிருந்த ரேடியோவில் பேட்டி எடுத்த பெண், எல்லாப் பேட்டியிலும் எல்லாரும் கேட்பதையே கேட்டாள்.

“இப்படி ஒரு பழிவாங்குற கதை எழுதணும்னு உங்களுக்குத் தோணினதுக்கு எது காரணம், மிஸ்டர் ஹ்ருஷ்கா?”

லென் ஹ்ருஷ்கா உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியதை நோரீன் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள்.

“அதைப் பத்திப் பேசறது எனக்கு அவ்வளவு சுலபமில்லைங்க,” என்றான் கடைசியில். “என் மனைவி. ஒரு கார் நிறுத்துற இடம். இருட்டுற நேரம். அவன் யாருன்னு எனக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். சட்டம் அவனை விட்டுடுச்சு. நான் விடல.”

தபால்காரரின் கண்கள் நிறைந்துவிட்டன. வாய் திறந்தபடியே அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, “ஆ... ஊ...” என்று ஏதோ ஆறுதல் சொன்னார்.

“வாயை மூடாதீங்க,” என்றாள் நோரீன்.

ஐம்பத்தோரு வயது வரை எந்தக் கார் நிறுத்துமிடத்திலும் அவளுக்கு ஒரு தீங்கும் நடந்ததில்லை. ஒருமுறை கடை வாசலில் யாரோ விட்ட தள்ளுவண்டி உருண்டு வந்து கார்க் கதவில் இடித்தது, அவ்வளவுதான். ஆனால் போன இலையுதிர் காலத்திலிருந்து ஊரே அவளைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு “நீங்க ரொம்ப தைரியசாலி” என்கிறார்கள். இல்லை என்று சொன்னால் இன்னும் இரக்கப்படுகிறார்கள். பாவம், இன்னும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

லென்னைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். இருபது வருடத்தில் அவன் நான்கு நாவல் எழுதினான். நான்கிலும் ஒரு நடுத்தர வயது ஆசாமி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மழை நிற்கும்போது நாவல் முடியும். அவற்றை வாசித்தவர்கள் நோரீனும், அச்சுப்பிழை பார்த்தவரும். பிழை பார்த்தவருக்குச் சம்பளம் உண்டு. மற்ற நேரத்தில் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பான். ஓட்டலில் ஆறிப்போன சூப்பைக் கொண்டுவந்து வைத்தால், “நல்லா இருக்கு” என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வீடு வரை மனைவியிடம் அந்த சூப்பைத் திட்டிக்கொண்டு வருகிற ரகம். வீட்டுக்குள் எலி வந்தால் கட்டிலின் மேல் ஏறி நின்று நோரீனைக் கூப்பிடுவான்.

அப்படிப்பட்டவன் எழுதிய ஐந்தாவது நாவலின் கதாநாயகன் பெயர் ரூக் ஹால்டன். ஆறேகால் அடி உயரம். பேச மாட்டான். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வான். சட்டம் விட்டுவிட்ட அயோக்கியர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்த் தீர்த்துக்கட்டி, அத்தியாயத்துக்கு ஒருவராகப் பனியில் புதைப்பான். ‘வெண்பனித் தீர்ப்பு’ என்று பெயர். விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பின்னட்டையில் லென் தோல் ஜாக்கெட் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, செங்கல் சுவருக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஜாக்கெட் நோரீனின் தம்பியுடையது.

இந்த வீராவேசத்துக்கெல்லாம் காரணம் ஒரு சமையலறை நாற்காலி.

மூன்று வருடத்துக்கு முன்னால் பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கே மூழ்கிப்போகிற மாதிரி பனி கொட்டியது. அவர்கள் தெருவில் யாருக்கும் கார் கொட்டகை கிடையாது. எல்லாரும் தெரு ஓரத்தில்தான் நிறுத்தவேண்டும். பனியைத் தோண்டிக் காரை வெளியே எடுத்தவன் அந்தக் குழியில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால், அவன் திரும்பி வரும்வரை அது அவன் இடம். இதற்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை. ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவனும், வருமான வரியில் கைவைக்கிறவனும், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பாதியை விழுங்குகிறவனும் அடுத்தவன் நாற்காலியைத் தொட மாட்டான். தொட்டால் மறுநாள் காலையில் டயரில் ஆணி இருக்கும். அல்லது கார் முழுக்க யாரோ தண்ணீர் ஊற்றி, அது விடிவதற்குள் உறைந்து கண்ணாடிப் பெட்டி மாதிரி ஆகியிருக்கும். யார் செய்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

லென் அன்றைக்குக் காலையெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தோண்டினான். செத்துப்போன அம்மாவின் மஞ்சள் ரெக்சின் நாற்காலியைக் குழியின் நடுவில் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனான். நோரீனுக்கு அன்று விடுமுறை.

மத்தியானத்துக்கு மேல் எதிர்வீட்டு எமில் யுர்கோவின் பழைய பச்சை வண்டி தெருவில் ஊர்ந்து வந்தது. எமில் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும், மீதியை ஆலை எடுத்துக்கொண்டது. காதை மூடுகிற கட்டம்போட்ட தொப்பி, எப்போதும் வாயால் ஒரு போல்கா நடனப் பாட்டு விசில். வண்டியில் அவர் மனைவி ரோஸ் டயாலிசிஸ் முடிந்து சுருண்டு கிடந்தாள். நிறுத்த ஒரு இடம் இல்லை. வண்டி ஒருமுறை சுற்றிவந்தது, இன்னொருமுறை சுற்றிவந்தது. மூன்றாம் சுற்றில் நோரீன் செருப்போடு படியிறங்கி வந்து, மஞ்சள் நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்தாள்.

“வேணாம்மா,” என்றார் எமில் கண்ணாடியை இறக்கி. “லென் தோண்டினது. தப்பு.”

“நான் சொல்லிக்கிறேன். முதல்ல அவங்களை இறக்குங்க.”

ரோஸை இரண்டு பேருமாகத் தாங்கிப் படியேற்றினார்கள். அவள் உடம்பில் எடையே இல்லை.

மூன்று மணிக்கு லென் வந்தான். தன் இடத்தில் பச்சை வண்டி, நடைபாதையில் அம்மாவின் நாற்காலி. நோரீன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரூக் ஹால்டனாக இருந்தால் இறங்கிப்போய்க் கதவைத் தட்டியிருப்பான். லென் காரை ஓட்டிக்கொண்டு தெரு ஏறுகிற மேட்டின் அடிவாரத்துக்குப் போய், லாண்டரிக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நாற்காலியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தான். எமில் வீட்டைக் கடக்கும்போது நடையை மெல்லமாக்கினான். கேட்கப்போகிறான் என்று நினைத்தாள். கேட்கவில்லை. நேரே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சற்று நேரத்தில் தட்டச்சு சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி கொட்ட ஆரம்பித்தது.

இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள். “நாற்காலிய எடுத்தது நான்தான் லென். ரோஸால நடக்க முடியல.”

“ம்,” என்றான் லென், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். அது அச்சாகி வரும்வரை என்ன எழுதுகிறான் என்று அவன் காட்டவுமில்லை, அவளும் கேட்கவில்லை. மழை பார்க்கிற ஆசாமியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். புத்தகம் வந்த அன்று புரட்டினால் நான்காம் அத்தியாயத்தில் எம்மெட் யார்க் என்று ஒருவன். சிறுமிகளைக் கடத்துகிறவன். பச்சை வண்டி, கட்டம்போட்ட தொப்பி, போல்கா விசில், இடது கையில் அரை விரல். ரூக் ஹால்டன் அவனை மிச்சமிருந்த விரல்களிலிருந்து வெட்டத் தொடங்குகிறான்.

எமிலின் பெயரைக்கூட முழுசாக மாற்ற அவனுக்குச் சிரமமாக இருந்திருக்கிறது.

அந்தத் தெருவில் புத்தகத்தை வாசித்தவர்கள் குறைவு, வாசித்ததாகச் சொன்னவர்கள் நிறைய. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, விரல் அடையாளம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கதைதான், ஆனாலும் எதிர்வீட்டுக்காரன் எழுதியிருக்கிறான், ஏதாவது பார்த்திருப்பான் அல்லவா என்று பேச்சு. குழந்தைகளை எமில் வீட்டுப் பக்கமாக நடக்க விடுவதில்லை. குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற ஹாலோவீன் அன்று அவர் ஒரு பெரிய கிண்ணம் நிறைய மிட்டாயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு குழந்தை வரவில்லை. டயரில் இருமுறை ஆணி. ரோஸ் இதையெல்லாம் பார்க்காமல் முந்தின வருடமே போய்ச் சேர்ந்தாள், அது ஒன்றுதான் ஆறுதல்.

எமில் வாயைத் திறந்து, “எனக்கு இடம் விட்டது அவன் பெண்டாட்டிதான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோரீன் ஒருநாள் நேராகவே கேட்டாள்.

“சொன்னா ஆணி உன் டயருக்கு வரும்,” என்றார் எமில். “எனக்கு வண்டி ஓட்டி எங்கே போகணும்? சும்மா விடு.”

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் மூன்றாம் வாரம், எமில் வீட்டு வாசலில் பனியில் ஒரு பலகை நட்டிருந்தது. வீடு விற்பனைக்கு. ரோஸ் வைத்த ரோஜாச் செடிகள் சாக்குத் துணி சுற்றி நின்ற இடத்திலேயே நட்டிருந்தார்கள். ஈரி நகரத்து மகள் வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம். நாற்பத்தைந்து வருடம் குடியிருந்த வீட்டைவிட்டு அந்த மனிதர் போகிறார் என்பது நோரீனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்று சாயங்காலமே சமையலறையில் லென்னைப் பிடித்தாள்.

“எதிர்வீட்டுப் பலகையைப் பார்த்தியா?”

“பார்த்தேன். பாவம், வயசாயிடுச்சு. மகளோட இருந்தா நல்லதுதான்.”

“வயசானதால போகல. உன்னால போறார்.”

“நோரீன், அது புனைகதை.”

“அவருக்கு இடது கையில அரை விரல் இல்ல. உன் புனைகதைக்கும் அதே கையில அதே விரல் இல்ல.”

“படிக்கிறவன் நம்பணும்னா ஒரு விவரம் வேணும். உனக்கு எழுத்து புரியாது.”

“எனக்குப் பல்லுதான் புரியும். சொத்தைன்னா தெரிஞ்சிடும்.” அவள் அடுப்பை அணைத்தாள். “நாற்காலிய எடுத்தது நான்தான்னு அன்னைக்கு ராத்திரியே சொன்னேனே. உன் காதுல விழலையா?”

விழவில்லை என்று அவன் சொன்னால் மன்னித்துவிடலாம் என்று அவள் தயாராக இருந்தாள். எழுதுகிற மயக்கத்தில் இருந்தான், கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். லென் காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“விழுந்துச்சு,” என்றான்.

“அப்புறம்?”

“அதுக்குள்ள முதல் அத்தியாயம் முடிஞ்சிருந்தது. நல்லா வந்திருந்தது நோரீன். இருபது வருஷத்துல எனக்கு அப்படி வந்ததே இல்ல. கை தானா ஓடுது. யாரோ ஒருத்தர் மேல அவ்வளவு கோபம் வந்தாத்தான் அப்படி ஓடும். அந்த நேரத்துல நீ வந்து, ஆள் மாறிப்போச்சுங்கிற. கிழிச்சுப் போடச் சொல்றியா?”

 இருபத்தாறு வருடமாக நோரீனுக்கு அவனைக் கோழை என்று தெரியும், அதோடு குடித்தனம் நடத்தலாம். இது வேறு.

“வெள்ளிக்கிழமை சர்ச்சு மீன் சாப்பாட்டுல உன்னைப் பேசச் சொல்லியிருக்காங்க இல்ல,” என்றாள். “தெருவே வரும். எமிலும் வருவார். அங்கே உண்மையைச் சொல்லிடு. அவர் மேல தப்பில்லன்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் நடக்கலன்னும் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்வேன்.”

“சொல்றேன்,” என்றான் லென். “எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியும்.”

வியாழனன்று மறுபடியும் பனி. மார்ச்சுக்கு வெட்கமே கிடையாது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து நோரீன் தன் காருக்கான இடத்தைத் தானே தோண்டினாள், லென்னுக்கு இடுப்பு வலி. பிறகு இருவரும் சர்ச்சுக்கு நடந்து போனார்கள்.

சர்ச்சுக்குக் கீழேயுள்ள மண்டபத்தில் எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. நீள மேசைகளில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பொரித்த மீனையும் பியரோகிக் கொழுக்கட்டையையும் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறையைக் கட்டியாள்வது பெர்னடெட் கசுன். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவள். பங்குச் சாமியாரே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இரண்டாவது துண்டு மீன் எடுப்பார். எமில் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. நோரீன் போய் ஒன்றில் உட்கார்ந்தாள்.

லென் மைக்கைப் பிடித்தான். தம்பியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

“மத்த ஊர்ல எல்லாம் நான் இதைச் சொன்னதில்ல,” என்று ஆரம்பித்தான். “சொன்னா அவங்களுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும். இந்த நாவல் ஒரு நாற்காலியில ஆரம்பிச்சது.”

மண்டபத்தில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. நோரீனுக்கு மூச்சு வந்தது. சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

“எங்க அம்மாவோட நாற்காலி. என் கையால தோண்டின இடம். அதை ஒருத்தர் தூக்கி ஓரமா எறிஞ்சிட்டுத் தன் வண்டியை விட்டுட்டார். பேர் சொல்ல மாட்டேன். அவர் இங்கேயே மீன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கலாம்.” தலைகள் எமில் பக்கம் திரும்பின. “அன்னைக்குச் சாயங்காலம் என் மனைவி வேலையிலேருந்து வந்தா. நிறுத்த இடமில்ல. கீழே லாண்டரிக்குப் பின்னால, இருட்டுல நிறுத்த வேண்டியதாச்சு. அங்கேதான்...”

அங்கே அந்த மௌனத்தை வைத்தான். குளியலறையில் பழகியதைவிட நன்றாகவே வந்தது.

இரண்டு பொய்யையும் இவ்வளவு அழகாக முடிச்சுப் போடுவான் என்று நோரீன் எதிர்பார்க்கவில்லை. சொல்லுகிற விதம் தெரியும் என்றானே, இதுதான் அது. பக்கத்தில் எமில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.  அவள் எழுந்து நின்றாள்.

“அந்த நாற்காலிய எடுத்தது நான்,” என்றாள்.

மைக் தேவைப்படவில்லை. நாள் முழுக்கப் பதில் பேச முடியாதவர்களிடம் பேசிப் பழகிய குரல்.

“ரோஸை டயாலிசிஸ் முடிச்சுக் கூட்டிட்டு வந்தார். அவளால நாலடி நடக்க முடியல. இவர் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் நாற்காலிய எடுத்துட்டு வண்டியை விடச் சொன்னேன். அன்னைக்கு நான் வேலைக்கே போகல. லாண்டரிக்குப் பின்னால எனக்கு ஒண்ணும் நடக்கல, ஒருத்தனும் என்னைத் தொடல. இது எல்லாம் லென்னுக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டேன்.”

 சமையலறை ஜன்னலிலிருந்து பெர்னடெட் தலையை நீட்டினாள். கையில் கரண்டி.

“நீயா எடுத்தே?”

“நான்தான்.”

“மத்தவங்க தோண்டின இடம்னு தெரிஞ்சே எடுத்தியா?”

“என் புருஷன் தோண்டின இடம் பெர்னடெட்.”

“யார் தோண்டினா என்ன? நாற்காலி நாற்காலிதான்.”

“ரோஸுக்காகன்னா கதவைத் தட்டி எங்களைக் கேட்டிருக்கலாமே,” என்றார் பின்மேசையிலிருந்து ஒருவர். “நான் என் இடத்தைக் கொடுத்திருப்பேன்.”

“அவன் அம்மாவோட நாற்காலி வேற,” என்றாள் ஒருத்தி. “செத்தவங்க பொருள்.”

நோரீன் சுற்றிலும் பார்த்தாள். அவர்கள் முகத்தில் அதிர்ச்சி இருந்தது, உண்மையான அதிர்ச்சி. அது லென்னைப் பற்றியதில்லை. இத்தனை நாள் ஊரை ஏமாற்றினாயே என்று அவனை யாரும் கேட்கவில்லை. கதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். பாவம், வீட்டிலேயே இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். புத்தகங்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கையெழுத்துக்கு வரிசை நின்றது.

ஒன்று மட்டும் நடந்தது. பெர்னடெட் சமையலறையிலிருந்து வந்து, எதுவும் பேசாமல் எமிலின் தட்டில் இரண்டு பெரிய மீன் துண்டை வைத்துவிட்டுப் போனாள். நோரீனின் தட்டை அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

லென் வரிசையை முடித்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டு, நோரீனும் எமிலும் மேட்டில் ஏறி நடந்தார்கள்.

“எதுக்கும்மா சொன்னே?” என்றார் எமில். “நான் சுமந்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“இத்தனை நாள் சுமந்தது போதும்.”

“இனி உன்னை விட மாட்டாங்களே.”

“தெரியும்,” என்றாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை உண்டு. காலையில் அவள் வாசலுக்கு வந்தபோது கார் ஒரு பெரிய பனிக்கட்டிக்குள் இருந்தது. கதவுப் பிடி, கண்ணாடி, சக்கரம் எல்லாம் ஒரே பாளம். நிதானமாக, வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார்கள். தெருவில் யாரோ செய்துவிட்டார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள், அதற்காகக் கோபப்படவும் இல்லை. பனியைக் கரைக்க உப்பு எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். படியில் அவர்கள் வீட்டுச் சிவப்பு வாளி இருந்தது. தரை துடைக்கிற வாளி. அடியில் வட்டமாகப் பனிக்கட்டி. சமையலறை ஹீட்டரின் மேல் லென்னின் கையுறைகள் ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கை ஓங்கிச் செய்த காரியம் இது. இத்தனை பேர் இருக்கிற உலகத்தில் அதற்கு அவன் தேர்ந்தெடுத்தது, தன் மனைவியின் காரை.

மாடியிலிருந்து தட்டச்சு சத்தம் வந்தது. இரண்டு வருடமாக அடுத்த நாவல் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவன். பதிப்பகத்திலிருந்து மாதாமாதம் போன் பண்ணுகிறார்கள். இப்போது கை தானாக ஓடுகிறது. யாரோ ஒருவர் மேல் அவ்வளவு கோபம். இந்தமுறை பனியில் புதையப்போகிறவளுக்கு எந்தப் பல்லில் சொத்தை இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு கணம் அழுகை வந்தது, அதைவிடச் சிரிப்பு வந்தது.

அவன் படியிறங்கி வந்து காப்பி ஊற்றிக்கொண்டான். முகம் பிரகாசமாக இருந்தது.

“உன் காரைப் பார்த்தேன்,” என்றான். “சொன்னா கேட்டாத்தானே. இந்தத் தெரு அப்படி.”

“ஆமா,” என்றாள் நோரீன். “இந்தத் தெரு அப்படித்தான்.”

அவன் குளிக்கப் போனான். உள்ளேயிருந்து பாட்டு கேட்டது.

எமில் உப்பு மூட்டையும் ரப்பர்ச் சுத்தியலுமாக ஏற்கெனவே வாசலில் நின்றார். விசில் அடித்துக்கொண்டிருந்தார். பல நாளாயிற்று அது கேட்டு. இருவருமாகத் தட்டித் தட்டிப் பாளம் பாளமாகப் பெயர்த்தார்கள். முன்கண்ணாடியில் பார்க்கிற அளவுக்கு ஓர் இடமும், ஓட்டுநர் பக்கக் கதவும், பக்கக் கண்ணாடியும், சக்கரங்களும் விடுபட்டன. யார் செய்தது என்று எமில் கேட்கவில்லை. ராத்திரி லென் வாளியோடு வந்துபோனதை அவர் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தார்.

“அந்தப் பலகையை மத்தியானம் பிடுங்கிடலாம்னு இருக்கேன்,” என்றார். “உன் பக்கம் ஒரு ஆள் வேணும் போலிருக்கு.”

“பிடுங்குங்க. நான் கொஞ்ச நாள் அல்டூனாவுல அக்கா வீட்டுல இருப்பேன்.”

“எப்போ வருவே?”

“வரும்போது வருவேன்.”

அவள் உள்ளே போய் ஒரு பையில் துணிகளை அடைத்தாள். பிறகு மாடிக்கு ஏறினாள். லென்னின் எழுத்து மேசைக்கு முன்னால் அவனுடைய நாற்காலி நின்றது. புத்தகம் ஓட ஆரம்பித்ததும் வாங்கியது. கருப்புத் தோல், உயரமான முதுகு, ஐந்து சக்கரம். இடுப்புக்கு இதமாக இருக்கிறதாம், இது இல்லாமல் ஒரு வரி எழுத முடியாதாம், பேட்டியிலேயே சொல்லியிருக்கிறான். நோரீன் அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொரு படியாகத் தடதடவென்று இறக்கினாள். குளியலறையில் பாட்டு நின்றது.

காரை வெளியே எடுத்தாள். தன் கையால் தோண்டிய குழி காலியானது. அதன் நட்டநடுவில் அந்தத் தோல் நாற்காலியை வைத்து, சக்கரங்கள் உருளாதபடி பனியை மிதித்து இறுக்கினாள். தெருவில் மூன்று நான்கு ஜன்னல் திரைகள் விலகியிருந்தன. பெர்னடெட் தன் வாசலில் பனி வாருகிற ஷவலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன்னோடு இனி ஒரு வருடத்துக்காவது பேச மாட்டாள் என்பது நோரீனுக்குத் தெரியும்.

கிளம்புகிற நேரம் லென் ஓடிவந்தான். தலையில் ஈரம், காலில் வீட்டுச் செருப்பு.

“என்ன செய்யற நீ? பனி பெய்யப்போகுது. அது தோல். நோரீன், நான் பாதி அத்தியாயத்துல இருக்கேன்.”

அவள் வண்டியை நகர்த்தினாள். பாளத்தைப் பெயர்க்கையில் இறக்கிய கதவுக் கண்ணாடி உறைந்துபோய் மறுபடி மேலே ஏற மறுத்ததால் வெளியே பேசுவது நன்றாகக் கேட்டது. பக்கக் கண்ணாடியில் அவன் குழிக்குள் இறங்கி நாற்காலியின் முதுகைப் பிடிப்பது தெரிந்தது.

“லென்,” என்றாள் பெர்னடெட், குரலை உயர்த்தாமலே. “அதுல கை வைக்காதே.”

“இது என் நாற்காலி பெர்னடெட்.”

“அவ தோண்டின இடம். அவ போட்ட நாற்காலி. அவ வர்ற வரைக்கும் அது அங்கேதான் நிக்கும்.” பெர்னடெட் ஷவலைப் பனியில் ஊன்றினாள். “நீதானே புத்தகம் எழுதினே.”

லென் ஜன்னல்களைப் பார்த்தான். எல்லா ஜன்னலிலும் ஆள் இருந்தது. எதிர்வாசலில் எமில், கட்டம்போட்ட தொப்பியும் கையில் சுத்தியலுமாக, விசிலை நிறுத்திவிட்டு நின்றார். லென் நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

நோரீன் மேட்டின் அடிவாரத்தில் லாண்டரிக் கடையைத் தாண்டும்போது பனி விழ ஆரம்பித்திருந்தது.